துணைக்கு ஓடியவன்

அருப்புக்கோட்டை
8.6.2025

தேவிக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. அரசாங்கமே சோறு போட்டு, உடுப்புக் கொடுத்து, ஏறிப் போக ஒரு போர்க்கப்பலும் கொடுத்திருக்கிறது. நலமில்லாமல் எப்படி இருப்பாய்?

போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் அம்மா பிடுங்கி "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று பத்துத் தடவை கேட்பாள். கடலுக்குள் போனால் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று நீயும் சொன்னாய். விசாகப்பட்டினம் கடற்படைத் தபால் நிலையத்துக்கு எழுதினால் கப்பல் எங்கே இருந்தாலும் கடிதம் வந்து சேரும் என்பது உனக்கு முன்பே எனக்குத் தெரியும். கப்பலைப் பற்றி உனக்கு முன்பே எனக்குத் தெரிந்தவை நிறைய. பயன் என்ன? இலவு காத்த கிளிக்கும் அந்த மரத்தைப் பற்றி நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

அப்பா இன்னும் உன் பெயரை எடுப்பதில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்றால் "அந்தக் கப்பல்காரி" என்கிறார். போன வாரம் நூல் கொண்டுவந்த ஆள், "பாப்பா எப்பிடி இருக்குண்ணே?" என்று கேட்டதற்கு, "எனக்கு ஒரே மகன்தான். அவனும் கவனம் கெட்டவன்" என்றார். நான் தறிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். வரும் கடற்படை ஆள்சேர்ப்பு அறிவிப்புதான் எனக்குக் கடைசி. அதற்கப்புறம் வயது தாண்டிவிடும். எழுத்துத் தேர்வு எனக்குப் பயமில்லை. ஓட்டத்தில் போன தடவையே ஆறு நிமிடத்துக்குள் வந்தேன், நீ பார்த்தாய். அந்த மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான். கண்ணுக்குக் காட்டும் அந்தப் புள்ளிப் புத்தகத்தை அந்த டாக்டர் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் புரட்டினார். யாராக இருந்தாலும் தப்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். மதுரையில் ஒரு பயிற்சி மையக்காரர், எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று மனப்பாடம் செய்துவிடலாம் என்கிறார். கடற்படையில் எந்தப் புத்தகம் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் ஆஸ்பத்திரியில் விசாரித்து எழுது. உனக்காக நான் எதையாவது செய்திருந்தால் இதைச் செய்.

கப்பலைப் பற்றியும் எழுது. படம் அனுப்பக் கூடாது என்று தெரியும். உனக்கு எந்தத் தட்டில் படுக்கை, ஏணியில் எப்படி இறங்குகிறாய், என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் எழுது. விட்டுவிடாதே.

கணேஷ்குமார்

*

கப்பலிலிருந்து
26.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் பதினாறு நாள் கழித்துக் கிடைத்தது. முதல் வரியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

கேட்டாய், எழுதுகிறேன். மூன்றடுக்குப் படுக்கை, நான் நடுவில். எழுந்து உட்கார்ந்தால் மேல்தட்டுக்காரியின் படுக்கை தலையில் இடிக்கும். உருண்டு உருண்டுதான் இறங்க வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் முழங்கால் உயரத்துக்கு இரும்பு வாசல்படி. என் இரண்டு கால் எலும்பிலும் தோல் இல்லை. ஒலிபெருக்கியில் விசில் ஊதி உத்தரவு சொல்வார்கள், இந்தியில். பாதி புரியாது. மற்றவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ அந்தப் பக்கம் நானும் ஓடுவேன். ஒருநாள் அப்படி ஓடிப்போய்ச் சமையல் உதவிக்குப் போகிறவர்களின் வரிசையில் நின்றுவிட்டேன். இரண்டு மணி நேரம் உருளைக்கிழங்கு உரித்தேன். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

வேலை என்றால் துரு. சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும், பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். மறு வாரம் அதே இடத்தில் மறுபடி துரு வந்து நிற்கும். கடலுக்குள் போன முதல் நாலு நாளும் வாந்தி. எங்களுக்கு மேலே இருக்கும் லீடிங் ஒருவர், ராஜஸ்தான்காரர், ஒரு வாளியைக் கையில் கொடுத்து, வாந்தி எடுத்துக்கொண்டே வேலையைப் பார் என்றார். அப்படியே செய்தேன். குளிக்க நல்ல தண்ணீர் அளந்துதான். மற்றவர்கள் அதற்குப் புலம்பும்போது நான் மட்டும் புலம்பவில்லை. குழாயில் எட்டு நாளுக்கு ஒருதரம் தண்ணீர் வந்த தெருவில் வளர்ந்தவளுக்கு அந்த ஒரு வாளியே அதிகம். இந்தக் கப்பலில் எனக்கு நன்றாகச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எனக்கு இது வேண்டாம் அண்ணே. நாலு வருடத்துக்குத்தான் இந்த வேலை, அதற்குப் பிறகும் நாலில் ஒருத்தரைத்தான் வைத்துக்கொள்வார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன்.

போன வாரத்திலிருந்து சாயங்காலம் தளத்தில் நின்று கண்காணிக்கும் பயிற்சி. தூரத்தில் வரும் கப்பலின் விளக்கைப் பார்த்துச் சிவப்பா பச்சையா என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சிவப்பென்றால் அதன் இடப்பக்கம் தெரிகிறது, பச்சையென்றால் வலப்பக்கம். அதை வைத்துத்தான் நம் கப்பலைத் திருப்புவார்கள். மாற்றிச் சொன்னால், "இருநூறு பேரைக் கொன்றுவிட்டாய்" என்று அந்த லீடிங் எல்லார் முன்னாலும் கத்துவார். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன்? உனக்குத் தெரியாததா?

புத்தகம் பற்றி விசாரிக்க முடியாது. கேட்டால் சந்தேகப்படுவார்கள். மனப்பாடமெல்லாம் வேண்டாம் அண்ணே. அதை விட்டுவிடேன். வேறு வேலை எவ்வளவோ இருக்கிறது.

அம்மாவிடம் நான் சாப்பிடுகிறேன் என்று சொல்.

தேவிபிரியா

*

அருப்புக்கோட்டை
15.7.2025

தேவி,

"விட்டுவிடேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதும்போது கை கூசவில்லையா?

நீ எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தால் உன் இடத்தில் என்னை ஏற்றுவார்களா? ஏற்றுவார்கள் என்றால் இன்றைக்கே இறங்கு, நானே வந்து உன் பெட்டியைத் தூக்கிக்கொள்கிறேன். மாட்டார்கள் அல்லவா? பிறகு என்ன புலம்பல்? பந்தியில் உட்கார்ந்துகொண்டு சோறு இறங்கவில்லை என்று, வாசலில் நிற்பவனிடமா சொல்வது?

சிவப்பு, பச்சை என்று எனக்குப் பாடம் வேறு. எனக்குக் கண் தெரியாது என்று நீயும் நம்பிவிட்டாயா? நிறக்குருடு என்றால் பழைய படம் மாதிரி எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். எனக்கு மஞ்சள் தெரிகிறது. வானத்து நீலம் தெரிகிறது. என்னோடு ஓடுகிற பாண்டிராஜிடம் கேட்டேன், "ஏலே, நம்ம பந்தல்குடி பஸ்ஸு என்ன கலருலே?" என்று. அவன் சொன்னதும் நான் நினைத்ததும் ஒன்றுதான்.

தறியைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதுகிறேன். நீ போன பிறகு மூன்று சேலை வீணாகிவிட்டது. அரக்கு உடலுக்கு நடுவில் ஒரு முழம் பாசிப் பச்சை ஓடியிருக்கிறது. ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்ததும் வேறு தார் போட்டேன், அவ்வளவுதான். நெய்து முடித்து வெயிலில் விரித்துப் பார்க்கும்வரை எனக்குத் தெரியவில்லை. விரித்த பிறகும் தெரியவில்லை, அப்பா காட்டின பிறகுதான் ஏதோ கொஞ்சம் மங்கலாக இருப்பதுபோல் பட்டது. "ஏலே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றார். பக்கத்துத் தறிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது சேலைக்குத் திட்டவில்லை. சுருட்டி என் மேல் எறிந்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு அம்மா சோறு போடும்போது, "தேவி இருந்தா எடுத்து வச்சிருப்பா" என்றாள். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போனாள். அது எனக்கு உறைத்தது. நீ இருந்தவரை ஒரு சேலையில்கூட நிறம் தப்பவில்லை. அரக்குத் தாரை எல்லாம் ஓலைப்பெட்டியில் போடுவாய், பச்சைத் தாரை எல்லாம் பழைய பெயிண்ட் வாளியில் போடுவாய். நான் பெட்டியா வாளியா என்று பார்த்து எடுத்தேன். நூலைப் பார்த்து எடுத்தேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை.

யார் சொல்லி அப்படிப் பிரித்து வைத்தாய்? எப்போதிலிருந்து? இதற்கு மட்டும் பதில் எழுது. கப்பல் கதை வேண்டாம்.

கணேஷ்குமார்

*

கப்பலிலிருந்து
19.8.2025

அண்ணனுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இதைத் திரும்பப் படிக்காமல் ஒட்டிவிடப் போகிறேன்.

யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் பிரித்து வைத்தேன். பிளஸ் டூ படிக்கும்போது விலங்கியல் பாடத்தில் நிறக்குருடு பற்றி வந்தது. ஆண்களுக்குத்தான் அதிகம் வரும், அம்மா வழியில் வரும் என்று போட்டிருந்தது. எனக்கு நீ ஒருதரம் பழுத்த மிளகாயையும் காயையும் சேர்த்துப் பறித்துவந்து அம்மாவிடம் திட்டு வாங்கியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். போனில் ஒரு புள்ளிப் படத்தைக் காட்டி, இதில் என்ன நம்பர் என்று கேட்டேன். "இருவத்தொண்ணு" என்றாய். எனக்கு எழுபத்துநாலு தெரிந்தது. இன்னும் மூன்று படம் காட்டினேன். கடைசிப் படத்தில், "ஒண்ணுமே இல்லயே, என்ன ஏமாத்துறியா?" என்று சிரித்தாய். மறுநாள் ஓலைப்பெட்டியையும் வாளியையும் எடுத்து வைத்தேன்.

நீ கறுப்பு வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லை அண்ணே. சில நிறங்கள் மட்டும் ஒன்றோடொன்று கலந்து தெரியும். அரக்கும் பாசியும் உனக்கு ஒன்றுதான். எந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்தாலும், அதற்கப்புறம் விளக்கைக் காட்டிக் கேட்பார்கள். அதில் மாட்டிக்கொள்வாய். மாட்டாமல் போனால் அதைவிட மோசம், ஒருநாள் இங்கே தளத்தில் நின்று விளக்கை மாற்றிச் சொல்வாய்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாய். உன் மனசு உடைந்துவிடுமே என்று சொல்லவில்லை. இப்படித்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்.

நீ அப்போதுதான் வறண்ட கண்மாய்க்குள் ஓட ஆரம்பித்திருந்தாய். நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று அப்பா கேட்டார். போலீஸ் வேலைக்கு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணன் கூடப் போறதுன்னா போ. அவன் போகாத அன்னைக்கு நீ வாசப்படி தாண்டக் கூடாது" என்றார். ஒரு தடவை உனக்கு ஐந்து நாள் காய்ச்சல். அந்த ஐந்து நாளும் நான் எழுந்து, பல் துலக்கி, ஷூவை மாட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பையன்கள் ஓடிப் போகும் சத்தம் கேட்டது. உன்னிடம் உண்மையைச் சொன்னால் நீ ஓடுவதை நிறுத்திவிடுவாய். நீ நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான். அந்த ஐந்து நாளில்தான் முடிவு செய்தேன், சொல்லக் கூடாது என்று.

இரண்டு வருடம் நீ ஓடினாய், உன்னோடு நானும் கடற்படைக்கே விண்ணப்பித்தேன். மருத்துவத்தில் உன்னைத் தள்ளுவார்கள் என்று எனக்குத் தெரியும். நீ அந்த அறைக்குள் போனபோதே தெரியும். வெளியே வந்து, "அவசரத்துல பொரட்டுறாரு" என்றாய். ஆமாம் அண்ணே என்றேன். என் முறை வந்தது, உள்ளே போனேன், எல்லா எண்களையும் சரியாகச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையும் மறைத்ததாகும். வாந்தி நின்றுவிட்டது. போன மாதம் கப்பல் இரண்டு நாள் தலைகீழாக ஆடியது, நான் உட்கார்ந்து முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டேன். துறைமுகத்தில் கப்பலைக் கட்டுவதற்கு முதலில் ஒரு மெல்லிய கயிற்றைக் கரைக்கு வீசுவார்கள். என்னை வீசச் சொன்னார்கள். முதல் வீச்சிலேயே கரையில் போய் விழுந்தது. லீடிங் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் இங்கே பாராட்டு. எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. பிடிக்காமல் திரும்பி வந்திருந்தால் உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும்.

தீபாவளிக்கு இருபது நாள் லீவு கிடைக்கும்போல் இருக்கிறது. மதுரை ஜங்ஷனுக்கு நீ வருவாயா? நீ வந்து கூட்டிப்போனால்தான் அப்பா உள்ளே விடுவார். திட்டுவதற்காவது வா.

தேவி

*

விசாகப்பட்டினம்
22.9.2025

அண்ணனுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, பதில் இல்லை. கப்பல் துறைமுகத்தில்தான் நிற்கிறது. போன் என் கையில் இருக்கிறது. ஏழு தடவை கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள், "அண்ணன் தறியில நிக்கான்" என்றாள். ஏழு தடவையும் தறியில்தானா?

லீவு உறுதியாகிவிட்டது. அக்டோபர் பதினேழாம் தேதி காலையில் மதுரையில் இறங்குகிறேன். அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கியிருக்கிறேன். உனக்கு என்ன வாங்குவது என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். கப்பல் பெயர் போட்ட தொப்பி விற்கிறார்கள். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், பிறகு வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை.

தேவி

*

அருப்புக்கோட்டை
4.10.2025

தேவிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதம் வந்த மறுநாள் விருதுநகரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். புள்ளிப் புத்தகத்தைக் காட்டினார். நீ எழுதியிருந்த அந்தப் படம் வந்தது. எனக்கு இருபத்தொன்றுதான் தெரிந்தது, ஆனால் நீ எழுதியிருந்தாயே, எழுபத்துநாலு என்றேன். "கரெக்ட்" என்றார். அடுத்த பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். அதற்கு நீ விடை எழுதவில்லை.

"பொறப்புலயே வர்றது தம்பி, மருந்து கெடையாது" என்றார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். நெசவு என்றேன். "யாராச்சும் கலரைப் பாத்து எடுத்துக் குடுத்தா செய்யலாம்" என்றார். அதற்கு ஒருத்தி இருந்தாள் என்று வாய் வரை வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "எங்க அய்யாவுக்கும் அப்பிடித்தான்டா. வெளிய தெரிஞ்சா ஒனக்குப் பொண்ணு குடுக்க மாட்டாகன்னு சொல்லல" என்றாள். ஆக அவளுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். என் கண்ணைப் பற்றி எனக்கு மட்டும் தெரியாது. அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொன்னால் பரிதாபப்படுவார். அவரிடம் திட்டு வாங்கிப் பழகிவிட்டது, பரிதாபம் எனக்குப் பழக்கமில்லை. இப்போது பச்சைத் தார்க்குச்சிகளின் நுனியில் கத்தியால் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்கிறேன். நூல் வந்ததும் அம்மா பிரித்துக் கொடுக்கிறாள். இருபது நாளாகச் சேலை தப்பவில்லை. கவனம் வந்திருச்சு என்று அப்பா பக்கத்துத் தறிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடற்படைக்கு விண்ணப்பிக்கவில்லை. கண்மாய்ப் பக்கமும் போவதில்லை.

மதுரைக்கு வரச் சொல்லிக் கேட்டிருந்தாய். அப்பாவிடம் அம்மா பேசினாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் இறங்கி வந்தார். "இவன் போயிக் கூட்டிட்டு வரட்டும். பொம்பளப் புள்ள தனியா வாரதா இருந்தா வர வேண்டாம்" என்றார். நான் போக மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். "நடுக்கடலுல நிக்கிறவளுக்கு மதுர பஸ்ஸு ஏறத் தெரியாதா?" என்றேன். "அப்ப அவ அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அம்மா அன்றைக்குத்தான் அழுதாள். நான் வந்தால் நீ வீட்டுக்குள் வரலாம், வராவிட்டால் முடியாது. தெரிந்துதான் சொல்லுகிறேன், வர மாட்டேன். உனக்குத் துணைக்கு ஓடியது போதும்.

தாரைப் பிரித்து வைத்ததில் எனக்குக் கோபமில்லை. நீ ஓட ஆசைப்பட்டதிலும் இல்லை. உன் நிலையில் நான் இருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. அதை எல்லாம் தறியில் நின்றுகொண்டு பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

எத்தனையோ நாள் காலையில் எனக்கு எழுந்திருக்கவே மனசிருக்காது. முட்டி வலிக்கும், போதும் இந்த நாய்ப் பிழைப்பு என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். நீ வந்து என் காலைப் பிடித்து இழுப்பாய். "எந்திரிண்ணே, நேவிக்காரன் தூங்கலாமா?" என்பாய். கையில் காப்பி வைத்திருப்பாய். பாண்டிராஜிடம் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், என் மேல் எனக்கே இல்லாத நம்பிக்கை என் தங்கச்சிக்கு இருக்குடா என்று. அவன்கூடப் பொறாமைப்பட்டான்.

நீ எனக்காக எழுப்புகிறாய் என்று நினைத்துத்தான், தேவி, ஒவ்வொரு நாளும் எழுந்தேன்.

கணேஷ்குமார்